பச்சை மட்டைக் கரடி

மேடையில் என் மகள் மிதுனா நின்றுகொண்டிருந்தாள். நடுவர் ஐயா அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் விறுவிறுவென்று தட்டினார். பிறகு பச்சை மட்டை இரண்டையும் பிடித்து விரித்து, வழக்கில் சிக்கிய பொருளைப் போல அதைச் சபைக்கு உயர்த்திக் காட்டினார்.

"இது ஒரு கதை இல்லை. மூண்டு கதை. மூண்டு சின்னப் புத்தகத்தை ஒண்டாக் கட்டியிருக்கு. பிள்ளை அது விளங்காமல் எல்லாத்தையும் குழப்பிச் சொல்லுறா."

சபை சிரித்தது. பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த அம்மாமார் சிரித்தார்கள். மடியில் இருந்த கைக்குழந்தைகளும் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தன. கூரையில் சுழன்ற மின்விசிறி மட்டும் தன் பாட்டுக்குக் கிறீச்சிட்டது.

மிதுனாவுக்கு வயது ஒன்பது. அவள் அழவில்லை. சட்டைக் கையின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றாள். எழும்பிப் போய் அந்த மனிதரின் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்திருப்பேன். என் முழங்கையை என் கணவர் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நான் எப்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்று இந்தத் தொடரை வாசிக்கிற ஒருவர் குறைப்பட்டிருந்தார். அவர் இந்த வாரம் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு இந்தக் கோபத்தை ஆகஸ்ட் மாதத்திலிருந்து சொல்லவேண்டும்.

கச்சான் வீசிய மாதம்

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் விடுமுறை. பிள்ளைகளுக்கு விடுமுறை என்று நினைத்தால் அது உங்கள் பிழை. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் எங்கள் ஒழுங்கையில் காலை ஏழு மணிக்கே சைக்கிள்கள் இறங்கத் தொடங்கிவிடும். எல்லாம் ரியூசனுக்குத்தான். கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி கிளிப் போடுமுன்னே காய்ந்துவிடும். அந்த வெயிலில் பிள்ளைகள் முதுகு வளையப் புத்தகப்பையைச் சுமந்துகொண்டு ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடுவார்கள்.

நான் மிதுனாவை அனுப்பவில்லை. பக்கத்து வீட்டு வசந்தி அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. மதில் மேலால் எட்டிப் பார்த்து, "நாலாம் ஆண்டெண்டால் விளையாட்டோ தங்கச்சி? அடுத்த வருஷம் ஸ்கொலஷிப் சோதினை" என்றார். பிள்ளைக்கு நான் சோறு போடாமல் வைத்திருப்பதுபோல ஒரு பார்வை.

விளையாட்டில்லை என்பது எனக்குத் தெரியும். மிதுனா வீட்டுக்கு வெளியே வாய் திறக்காத பிள்ளை. வீட்டிலும் அளந்துதான் கதைப்பாள். வகுப்பில் வரவு கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்துவாள். அவளுடைய ரீச்சர் இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஏதும் குறையோ என்று கேட்டுவிட்டார். குறை ஒன்றுமில்லை. சொல்வதற்கு ஏதாவது இருந்தால் சொல்வாள் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, பஸ்ஸில் வரும்போது அதே கேள்வியை நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அதனால்தான் அந்த மாதம். எனக்குத் துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. கந்தோர் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, மிதுனாவைக் கூட்டிக்கொண்டு மலையடியில் இருக்கும் சின்ன நூலகத்துக்குப் போவேன். புத்தகம் எடுத்துக்கொண்டு உள்துறைமுகக் கரையோரக் கட்டுச் சுவரில் போய் இருப்போம். அந்த நேரத்துக்குக் காற்று கொஞ்சம் தணிந்திருக்கும். வெளிச்சம் போகும் வரைக்கும் மாறி மாறி வாசிப்போம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள். திட்டம் அவ்வளவுதான். இதற்குப் போய் ஊரே என்னைப் புத்தி பேதலித்தவளாகப் பார்த்தது.

கண்ணாடிக்குப் பின்னால்

அந்த நூலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை நடத்துவது ஒரு நிர்வாக சபை. சபைக்குத் தலைவர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர். பின்னால் நடுவராக வந்தவரும் அவர்தான்.

சிறுவர் புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரி பூட்டியிருக்கும். திறப்பு நூலகர் மிஸ்ஸின் மேசை லாச்சிக்குள் இருக்கும். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் காட்டவேண்டும். காட்டியதை மிஸ் எடுத்துத் தருவார். எடுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால், மிஸ்ஸின் முகம் போகும் போக்கில் பிள்ளை அடுத்ததைக் கேட்காது.

சரி, காட்டுவதற்காவது ஏதாவது தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை. படப்புத்தகங்கள் மெல்லியவை. பிள்ளைகள் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சபைக்குப் பயம். ஆகவே புதிதாக வருகிற மெல்லிய புத்தகங்களை இரண்டு மூன்றாக அடுக்கி, வெளி அட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த பச்சை மட்டை போட்டுக் கட்டுவித்துவிடுவார்கள். முதுகில் வெள்ளை மையில் ஓர் இலக்கம். பெயர் கிடையாது, படம் கிடையாது. அலுமாரி முழுக்கப் பச்சைச் செங்கல் அடுக்கியது போல இருக்கும்.

புத்தகம் தொலையக் கூடாது என்பதற்காகப் புத்தகத்தின் முகத்தைக் கிழித்து எறிந்த ஆட்கள் இவர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால், "அப்பிடியெண்டாத்தான் கனகாலம் இருக்கும்" என்கிறார்கள். இருந்து என்ன செய்ய?

பூட்டிய அலுமாரியைக் கண்டாலே எனக்குக் கோபம் ஏறுவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. என் அப்பாவிடம் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. முதிரைப் பலகையில் செய்தது, எங்கள் வீட்டுச் சபையறையில் நடுநாயகமாக நிற்கும். விருந்தாளிகள் வந்தால் அப்பா அதன் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். எங்களுக்குத் திறக்கமாட்டார். கை கழுவினாயா என்பார். கழுவிவிட்டு வந்தால், வளர்ந்த பிறகு பார்ப்போம் என்பார். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு புத்தகங்களின் முதுகை மட்டும் வாசித்தே வளர்ந்தேன்.

பிறகு போர்க்காலத்தில் ஒருநாள் ஷெல் அடி. உடுத்த உடுப்போடு ஓடினோம். அலுமாரித் திறப்பு அப்பாவின் சட்டைப்பையில் பத்திரமாக எங்களோடு வந்தது. திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது. புத்தகங்கள் இல்லை. கண்ணாடியை உடைத்து யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எடுத்தவர்களாவது வாசித்திருக்கட்டும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தவை

அந்த மாதம் வாசித்தவற்றில் மிதுனாவுக்குப் பிடித்தவை வேறு, எனக்குப் பிடித்தவை வேறு. பிள்ளை வாசிக்கும்போது தாய்க்கு ஏன் சொந்த ருசி என்று யாராவது கேட்டால், அவர்கள் ஒரு புத்தகத்தையும் பிள்ளையோடு இருந்து வாசிக்கவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

எனக்கு முதலில் பிடித்தது ஒரு கணவாயின் கதை. கடலடியில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிற கணவாய். மை அதனிடமே இருக்கிறதல்லவா. அதை வரைந்தவர் கடலையே கண்டிராதவர் போலிருக்கிறது. மிதுனா விரல் வைத்துக் கை எண்ணிப் பார்த்து, இரண்டு குறைகிறது என்றாள். நிச்சயமாகத் தெரியவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் தானாகவே போய், கணவாய்க்கு எத்தனை கை என்று கேட்டாள். தெரியாத ஒருவரிடம் என் மகள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அந்தப் பிழையான படத்தை வரைந்தவருக்கு நான் கடமைப்பட்டவள்.

அடுத்தது, நடுத்தெருவில் நின்றுவிட்ட ஒரு லொறியின் கதை. தள்ளியும் அசையாது, இழுத்தும் அசையாது. கடைசியில் ஊர்ச்சனம் அதைச் சுற்றிக் கடை போட்டு, சந்தியாக்கி, லொறியின் பெயரையே அந்தச் சந்திக்கு வைத்துவிடுகிறார்கள். என் கணவர் உப்புவெளியில் படகு எஞ்சின் திருத்துகிறவர். அவருக்கு இந்தக் கதை பொறுக்கவில்லை. ஒரு ஸ்பானரும் அரை மணித்தியாலமும் தந்தால் லொறியை எடுத்துவிடலாம், டீசல் குழாயில் எயர் பிடித்திருக்கும் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார். மிதுனா அப்பாவோடு வாதாடினாள். லொறி ஓடினால் சந்தி எங்கே வரும் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இராச்சாப்பாட்டில் அவ்வளவு சத்தம் அதற்கு முன் வந்ததில்லை.

மூன்றாவது, எழுத்தே இல்லாத ஒன்று. ஒரு கிழவர் ஒரே ஒரு சட்டையைத் தோய்த்துக் கொடியில் போடுகிறார். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. சட்டை ஊர் ஊராகப் போகிறது. அவ்வளவும் படம். நூலகர் மிஸ் அதைத் தரத் தயங்கினார். அதில் வாசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார். நாங்கள் அதை நாலு பின்னேரம் வாசித்தோம், நாலு தரமும் வேறு வேறு கதை. கடைசிப் பின்னேரம் பேச்சு வாக்கில் புத்தகத்தைக் கட்டுச் சுவரில் வைத்துவிட்டு இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீதியைக் கடந்து வந்த ஒரு மான் ஒரு பக்கத்தின் மூலையைச் சாவகாசமாகத் தின்றுவிட்டது. வீதிகளில் மேய்ந்து திரிகிற எங்கள் ஊர் மான்களுக்கு வாழைப்பழத் தோலும் ஒன்றுதான், இலக்கியமும் ஒன்றுதான். அபராதம் கட்டினேன். அந்த மாதத்தில் எனக்குக் கோபம் வராத ஒரே சீவன் அந்த மான்.

ஆளில்லாப் படகு

நாலாவதுதான் அந்தப் பச்சை மட்டை. மிதுனா விரலால் காட்டியபோது அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது.

பனி நாட்டில் ஒரு கரடி. மாரி முழுக்கத் தூங்கவேண்டிய கரடிக்கு இடையில் முழிப்பு வந்துவிடுகிறது. புரண்டு பார்க்கிறது, எண்ணிப் பார்க்கிறது, நித்திரை வரவில்லை. உலகத்தில் எங்கேயாவது சத்தமில்லாத ஓர் இடம் இருக்கும் என்று கதவைச் சாத்திவிட்டு நடக்கத் தொடங்குகிறது. பக்கம் புரள்கிறது.

ஒரு ராணி. அவளுடைய அரண்மனையில் யாரும் சத்தம் போடக் கூடாது. மணிகளைக் கழற்றிவிட்டாள், சேவல்களை விரட்டிவிட்டாள், வேலைக்காரரைச் செருப்பில்லாமல் நடக்க வைத்தாள். கடைசியில் எல்லோரும் போய்விடுகிறார்கள். அவ்வளவு அமைதிக்குள் அவள் தனியே இருக்கிறாள். ஒருநாள் வாசலைத் திறந்து வெளியே போகிறாள். மறுபடி பக்கம் புரள்கிறது.

ஒரு கடற்கரைக் கிராமம். விடிய எழும்பிப் பார்த்தால் கரையில் ஒரு படகு. துடுப்பு இன்னும் ஈரம், படகில் ஆள் இல்லை. வந்தது யார் என்று ஊரே தேடுகிறது. தேடிக்கொண்டிருக்கும்போதே கதை முடிந்துவிடுகிறது.

ராணியின் அறையில் ஒரு திரை தொங்கும். திரைக்குக் கீழே மண்ணிறத்தில் ஏதோ ஒன்று கொஞ்சமாகத் தெரியும். கம்பளமாக இருக்கலாம். மிதுனா அதைக் கண்டுபிடித்த பின்னேரம் எனக்கு நல்ல ஞாபகம். மூதூருக்குப் போகிற படகு அப்போதுதான் துறையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது.

"அம்மா, கரடி இஞ்ச வந்திட்டுது. சத்தமில்லாத இடம் இதுதான். ராணிக்குத் தெரியாது."

பிறகு மூன்றாவது கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இந்த ஊராக்களுக்கு ஒண்டும் தெரியாது. எங்களுக்குத் தெரியும்" என்றாள். குரல் அவ்வளவு இரகசியமாக இருந்தது.

அவை மூன்று புத்தகங்கள் என்று எனக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. தாளின் தடிப்பு வேறு, எழுத்தின் அளவு வேறு. நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "ஓடுற எஞ்சினை ஏன் கழட்டுவான்? நீர் திருத்தப் போகாதையும்" என்றார்.

படிப்பினை என்ன?

விடுமுறை முடிகிற கையோடு நூலகத்தில் ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். விடுமுறையில் வாசித்த நூல் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை மிதுனா தானே வாசித்துவிட்டு வந்து, தான் பேசப் போவதாகச் சொன்னாள். வகுப்பில் வரவுக்கு வாய் திறக்காத பிள்ளை. நான் அந்தச் சந்தோசத்தை வெளியே காட்டவில்லை. காட்டினால் பயந்துவிடுவாள் என்று பேசாமல் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

எங்கள் ஊரில் பேச்சுப் போட்டி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பேச்சை எழுதுவது அம்மா. திருத்துவது ரியூசன் மாஸ்ரர். பாடமாக்கி, கையைக் காலை ஆட்டி ஒப்புவிப்பது மட்டும் பிள்ளை. அன்றைக்கும் எல்லாப் பிள்ளைகளும் பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே என்று ஒரே இராகத்தில் தொடங்கினார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரு படிப்பினையோடு முடித்தார்கள். ஒற்றுமையே பலம், பேராசை கூடாது, பெரியோர் சொல் கேட்க வேண்டும். அவர்கள் வாசித்தது என்ன என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. படிப்பினை மட்டும் ஞாபகம் இருக்கிறது. பழத்தை எறிந்துவிட்டுக் கொட்டையைப் பாதுகாக்கிற பழக்கம் இது.

மிதுனாவுக்கு நான் ஒரு சொல்லும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் மேடையில் ஏறி, "ஒரு கரடிக்கு நித்திரை வரயில்லை" என்று தொடங்கினாள். அந்த வசனத்திலேயே முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் பிஸ்கட் தின்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் கதையைச் சொன்னாள். கரடி திரைக்குப் பின்னால் ஒளிந்ததைச் சொன்னாள். ராணி முதலில் பயந்ததை, பிறகு கரடி குறட்டை விட்டதும் அரண்மனையில் மறுபடி ஒரு சத்தம் கேட்டதென்று சந்தோசப்பட்டதைச் சொன்னாள். அது புத்தகத்தில் எங்கேயும் இல்லை. எனக்கே புதிது. கடைசியாக, இரண்டு பேரும் படகெடுத்துப் போனதைச் சொன்னாள்.

அப்போதுதான் நடுவர் ஐயா புத்தகத்தை வாங்கினார், விரித்துக் காட்டினார், சபை சிரித்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சரி பிள்ளை, இதில நீர் கண்ட படிப்பினை என்ன?" என்று கேட்டார்.

மிதுனா சட்டைக் கையை விட்டாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப படகில வந்தது ஆர்?"

திருப்பி எதிர்க்கேள்வி கேட்கிறாள் என்று மறுபடி சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். அது கதைக்கு முக்கியமில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லும் என்றார். மிதுனா தன் கேள்விக்குப் பதில் வரும் என்று நின்றாள். வரவில்லை. இறங்கி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மூன்று பரிசும் மூன்று படிப்பினைகளுக்குப் போயின.

பிழை திருத்தம்

அதற்குப் பிறகு அவள் வாசிக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவாள். பின்னேரம் கரைக்குப் போவோமா என்றால், வெயில் என்பாள், கால் நோகிறது என்பாள். ஒருநாள் நானே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். வாங்காமலே, "படிப்பினை இருக்கிற புத்தகமா எடுங்கோ அம்மா. எனக்கு மற்றது விளங்காது" என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை தனக்கு விளங்காது என்று சொல்லப் பழகிவிட்டாள். இதைத்தான் அந்தச் சபை, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, மேடை போட்டு, பிள்ளைக்குப் படிப்பித்து அனுப்பியது.

அடுத்த நாள் நான் நூலகத்துக்குத் தனியே போனேன். ஐயா அங்கே சபைக் கூட்டத்துக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எழும்பிக் கதிரை தந்தார், பிள்ளை சுகமா என்று கேட்டார். பிள்ளையிடம் பிழை இல்லை, கட்டின ஆளிடம்தான் பிழை என்றார். ஆகவே அந்தப் பச்சைப் புத்தகத்தைப் பிரித்து மூன்றாகக் கட்டச் சொல்லி அனுப்பிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார். எனக்கு நன்மை செய்துவிட்ட முகம்.

பிரிக்கவேண்டாம் என்று கேட்டேன். அவருக்கு அது விளங்கவில்லை. நாளைக்கு மற்றப் பிள்ளைகளும் பிழையாக விளங்கிக்கொள்வார்களே என்றார். அப்படி விளங்கினால் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். என் சத்தம் கூடிவிட்டது. மேசையில் இருந்த நூலகர் மிஸ் சுவரில் தொங்கிய "அமைதி காக்கவும்" பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

"கண்டபடி கற்பனை செய்யப் பழகினால் பிள்ளைக்குச் சோதினையில புள்ளி குறையும். நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்" என்றார் ஐயா.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ, படகில வந்தது ஆர்?"

அவர் தேநீரை வைத்துவிட்டு, அதை எழுதினவரைத்தான் கேட்கவேண்டும் என்றார். எழுதினவரைக் கேட்கட்டாம். அந்த எழுதினவரின் பெயரிருந்த அட்டையைக் கழற்றி எறிந்ததே இவர்கள்தான். இதை நான் சொன்னேனா என்றால், சொன்னேன். வீடு வரைக்கும் நடந்து வந்த ஏற்றம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது புத்தகம்

மாரி தொடங்கி முதல் மழைகள் பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். தவணை கடந்த ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. வீட்டில் தனியே விட ஏலாது என்று மிதுனாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அவள் அலுமாரிப் பக்கம் போகவேயில்லை. வாசலடி வாங்குப் பலகையில் குந்தி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று மெல்லிய பச்சைப் புத்தகங்கள், மூன்று இலக்கத்தோடு, மூன்று வேறு தட்டுகளில் நின்றன.

படகுத்துறை ஜெட்டியடியில் குடியிருக்கிற ஒரு பிள்ளை தாயோடு உள்ளே வந்தாள். மிதுனாவிலும் சின்னவள். நனைந்த முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு மிஸ்ஸின் மேசையில் நாடியை வைத்தாள்.

"மிஸ், அந்தத் தடிச்ச புத்தகம் இரிக்கா? கரடியும் ராணியும் படகுல வாற புத்தகம்?"

அப்படி ஒரு புத்தகம் இங்கே இல்லை என்றார் மிஸ். பழக்கத்தில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சொன்ன பிறகு என்னைப் பார்த்தார்.

"இரிந்திச்சி மிஸ். நான் வாசிச்சிரிக்கேன். கரடி திரைக்குப் பின்னால ஒளிச்சிரிக்கும். நான் உம்மாக்குக் காட்டப் போறேன்."

தாய் தர்மசங்கடத்தோடு சிரித்து, வீட்டில் இதே கதைதான், கேட்டுக் கேட்டுக் காது வலிக்கிறது என்றார்.

மிதுனா வாங்கிலிருந்து எழும்பிவிட்டாள். அவள் நேரே வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நின்று, அலுமாரியைக் காட்டினாள்.

"அதைப் பிரிச்சுப்போட்டினம். இப்ப மூண்டா இருக்கு. முதல் கரடி. பிறகு ராணி. படகு கடைசி. மாத்தி வாசிக்கப்படாது, என்ன."

ஓம் என்று அந்தப் பிள்ளை தலையாட்டினாள். மிஸ் லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்தார். கரடி வந்தது, ராணி வந்தது. படகில் கை வைக்கும்போது மிஸ் நின்றுவிட்டார். ஒரு நூலக அட்டைக்கு இரண்டு புத்தகம்தான். அது சபையின் சட்டம். பிரித்தபோது இதையும் சேர்த்துத்தான் பிரித்திருக்கிறார்கள். இனி எந்தப் பிள்ளையும் இந்தக் கதையை முழுதாக ஒரே தரத்தில் வீட்டுக்குக் கொண்டு போக முடியாது.

என் வாய் திறந்துவிட்டது. அதற்கு முன்பே மிதுனா என் கைப்பைக்குள் கையை விட்டுத் தன் நூலக அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"படகை எனக்குத் தாங்கோ மிஸ்."

மிஸ் முத்திரை குத்திக் கொடுத்தார். மிதுனா அதை வாங்கிய கையோடு அந்தப் பிள்ளையின் பொலித்தீன் பைக்குள், மற்ற இரண்டுக்கும் பின்னால், ஒழுங்கு மாறாமல் வைத்தாள். ஒருவர் அட்டையில் எடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். மிஸ் அதைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், மழைக்குத் திறந்திருந்த ஜன்னல் ஒன்றைச் சாத்துவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ஒரே குடைக்குள் நானும் மிதுனாவும் ஏற்றத்தில் நடந்தோம். தண்ணீர் எங்களுக்கு எதிரே துறைமுகத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவள் கேட்டாள்.

"அம்மா, வாற வருஷமும் அந்தப் போட்டி வைப்பினமோ?"

"வைப்பினம்."

"நான் பேசுவன். இதே கதைதான்."

நான் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். நனைந்த செருப்பை உதறிவிட்டுத் திரும்பவும் கேட்டாள்.

"அந்த ஐயாவும் இருப்பாரோ?"

"இருப்பார். அவர்தானே தலைவர்."

"அப்ப நல்லம்" என்றாள் என் மகள்.